தொடாமலே எடை போட்ட சிறுகோள்

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஃபஜார் நிலையத்தில் இறங்க வேண்டியவர் கண்ணயர்ந்துவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. செகார், ஜெலப்பாங், செஞ்சா என்று வளைந்து வந்து ரயில் மறுபடியும் புக்கிட் பாஞ்சாங்கிலேயே வந்து நிற்கும். (மலாய் மொழியில் ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி. ஒரு சுற்றுக்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது!) அந்த ரயிலில் வீடு திரும்பும்போதுதான் நான் வகுப்பில் சொன்ன ஒரு பதில் தவறு என்பது எனக்கு உறைத்தது.

அன்று உயர்நிலை இரண்டில் சூரியக் குடும்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சிறுகோள் ஒன்றின் நிறை இத்தனை கிலோகிராம் என்று திரையில் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், அதை யாரும் தராசில் வைக்கவில்லையே. அப்புறம் எப்படித் தெரியும்?" மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. "அதன் அளவைக் கண்டுபிடித்து, பாறையின் அடர்த்தியால் பெருக்கிவிடுவார்கள்" என்று சொல்லி முடித்துவிட்டேன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பதில் எவ்வளவு தவறு என்பதை ஒரே ஒரு சிறுகோளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அதன் பெயர் சில்வியா. கண்டுபிடிக்கப்பட்ட இடம் சென்னை, நுங்கம்பாக்கம்.

ஆமாம், சென்னைதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1792-இல், நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் எழுந்தது. 1861-இல் அதன் தலைவராக இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர் நார்மன் போக்சன். வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17ஆம் தேதி, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். அதன்பின் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று மேலும் நான்கு. சில்வியாவைக் கண்ட நாள் 1866, மே 16. சென்னையில் அது கத்திரி வெயில் காலம். பகலெல்லாம் வெந்து, இரவில் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

வானத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். அவற்றுள் எது விண்மீன், எது சிறுகோள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொலைநோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தக் காலத்தில் இதற்குப் படம் எடுக்கும் வசதி இல்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் கையால் வரைபடமாக வரைந்துகொள்வார்கள். மறுநாள் அதே பகுதியைப் பார்த்து வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள். எல்லாப் புள்ளிகளும் அதே இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அது நம் சூரியக் குடும்பத்து ஆள். சில்வியா பூமிக்கு நேர் எதிரே வரும் காலத்தில் ஓர் இரவுக்கு முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு நகரும். மேகம் குறுக்கே வராத இரவுகள் இரண்டு கிடைத்தால் போதும், திருடன் பிடிபட்டுவிடுவான்.

போக்சனின் பெயரை வானியல் மாணவர்கள் வேறொரு காரணத்துக்காகவும் படிக்கிறார்கள். விண்மீன்களின் பிரகாசத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரமாகப் பிரிக்கும் வழக்கம் கிரேக்கர் காலத்திலிருந்தே இருந்தது. ஆறாம் தரம் என்பது வெறுங்கண்ணால் காணக்கூடிய கடைசி மங்கல். ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எத்தனை மடங்கு வேறுபாடு என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐந்து தரம் குறைந்தால் ஒளி சரியாக 100-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்ற விதியை 1856-இல் போக்சன் முன்வைத்தார். அப்படியானால் ஒரு தரத்துக்கு எத்தனை மடங்கு? ஐந்து முறை தன்னைத்தானே பெருக்கினால் 100 வரும் எண்ணைக் கால்குலேட்டரில் தேடுங்கள். 2.512 வரும். இன்றும் அதே எண்தான். சில்வியா நன்றாகத் தெரியும் காலத்திலும் 12ஆம் தரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதாவது, கும்மிருட்டான கிராமத்தில் நின்றாலும் நம் கண்ணுக்கு எட்டும் எல்லையைவிட 200 மடங்குக்கு மேல் மங்கல். நம் வீவக புளோக் நடைபாதையில் நின்று தேடலாம் என்று நினைக்காதீர்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்றாம் தர விண்மீனே இங்கே திணறுகிறது.

அந்த வானாய்வகத்தில் போக்சன் மட்டும் வேலை செய்யவில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் அங்கே பல பத்தாண்டுகள் பணியாற்றினார். ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டறிந்தவர் அவர். சில்வியா கிடைத்த மறு ஆண்டு அது. நம் பாடநூல்களில் இவரைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, சில்வியாவுக்கு வருவோம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. இதுதான் முதன்மைச் சிறுகோள் பட்டை. படங்களில் காட்டுவதுபோலப் பாறைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மொத்தப் பட்டையையும் திரட்டி உருட்டினாலும் நம் நிலாவின் நிறையில் சுமார் 3 விழுக்காடுதான் தேறும். 1972-இல் ஏவப்பட்ட பயோனியர் 10 விண்கலம் இந்தப் பட்டைக்குள் புகுந்து கீறல் இல்லாமல் மறுபக்கம் வந்தது.

சில்வியா இந்தப் பட்டையின் வெளி ஓரத்தில் இருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை (சுமார் 15 கோடி கி.மீ.) ஒரு வானியல் அலகு என்கிறோம். சூரியனிலிருந்து சில்வியாவின் சராசரித் தூரம் 3.48 வானியல் அலகு. கணக்குப் போட்டால் 52 கோடி கி.மீ. சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. அங்கே போய்ச் சேர 29 நிமிடம். அங்கு கிடைக்கும் வெயிலும் நமக்குக் கிடைப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

ஒரு சுற்று முடிக்க அதற்கு எத்தனை ஆண்டு ஆகும்? இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கெப்ளர் சொன்ன விதி இது: தூரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எழுதினால், தூரத்தின் மும்மடியும் காலத்தின் வர்க்கமும் சமம். 3.48-ஐ மூன்று முறை பெருக்கினால் 42.1. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.5. ஆக, சில்வியாவின் ஓர் ஆண்டு என்பது நம் ஆறரை ஆண்டு. போக்சன் பார்த்த நாளிலிருந்து இதுவரை சுமார் 24 சுற்றுகள்தான் முடித்திருக்கிறது.

இங்கே நம் இலகு ரயிலை உவமையாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு இடத்தில் சறுக்குவோம். இலகு ரயில் வலம் இடம் என இரு திசையிலும் சுற்றும். பட்டையில் உள்ள சிறுகோள்கள் பூமி போகும் திசையிலேயே போகும். இன்னொன்று, வெளிப்பாதையில் போகும் சிறுகோளுக்குத் தூரம் மட்டும் அதிகமில்லை, வேகமும் குறைவு. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சில்வியா நொடிக்கு 16 கி.மீ. சூரியனின் பிடி அங்கே தளர்வாக இருப்பதுதான் காரணம். பாதையும் முழு வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். கிட்டே வரும்போது சுமார் 3.2 வானியல் அலகு, எட்டப் போகும்போது 3.8. பூமியின் பாதைத் தளத்துக்கு அது ஏறத்தாழ 11 பாகை சாய்ந்தும் இருக்கிறது.

சில்வியாவின் பாதைக்குச் சற்று உள்ளே, 3.28 வானியல் அலகு தூரத்தில், ஓர் இடைவெளி உண்டு. அங்கே சிறுகோள்கள் மிகக் குறைவு. ஏன்? அந்தத் தூரத்தில் இருக்கும் ஒரு சிறுகோள், வியாழன் ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் சரியாக இரண்டு சுற்று முடித்துவிடும். எனவே வியாழன் அதை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்து இழுக்கும். விளையாட்டுத் திடலில் தம்பியை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறீர்களா? சரியான நேரம் பார்த்துச் சிறிது சிறிதாகத் தள்ளினாலே ஊஞ்சல் எகிறிவிடும். அப்படி எகிறிய பாதைகள் குலைந்து அந்த இடம் காலியாகிவிட்டது. இத்தகைய இடைவெளிகளை அமெரிக்கரான டேனியல் கிர்க்வுட் சுட்டிக்காட்டியதும் அதே 1866-இல்தான். சில்வியா அந்த ஆபத்தான கோட்டுக்கு வெளியே, பத்திரமான இடத்தில் சுற்றுகிறது.

இனி அதன் உருவம். பூமியிலிருந்து சில்வியாவைப் பார்ப்பது, முப்பது கி.மீ.க்கு அப்பால் யாரோ பிடித்திருக்கும் ஒரு வெள்ளி நாணயத்தைப் பார்ப்பது போன்றது. போக்சனுக்கு அது வெறும் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியின் ஒளி சீராக இல்லை. கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. நீளமான ஓர் உருளைக்கிழங்கை விளக்கு வெளிச்சத்தில் சுழற்றினால் அகலப் பக்கம் தெரியும்போது அதிக ஒளியும், முனை தெரியும்போது குறைந்த ஒளியும் வரும் அல்லவா? ஒரு சுழற்சிக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இப்படித்தான் சில்வியா தன்னைத்தானே 5 மணி 11 நிமிடத்தில் ஒருமுறை சுழல்கிறது என்று தெரிந்தது. நாம் ஒரு நாள் தூங்கி எழுவதற்குள் அங்கே நான்கு முறைக்கு மேல் விடிந்துவிடும்.

அளவைப் பிடிக்க இன்னொரு வழி, சிறுகோள் ஒரு விண்மீனை மறைக்கும் கணத்துக்குக் காத்திருப்பது. வெவ்வேறு ஊர்களில் நிற்பவர்கள் விண்மீன் எத்தனை நொடி மறைந்தது என்று குறித்துக்கொண்டால், அந்தக் கோடுகளைச் சேர்த்துச் சிறுகோளின் நிழலுருவை வரைந்துவிடலாம். 2013 ஜனவரி 6ஆம் தேதி ஐரோப்பாவில் பலர் சேர்ந்து சில்வியாவை இப்படி அளந்தார்கள். இந்த வழிகளும் பெரிய தொலைநோக்கிப் படங்களும் சேர்ந்து தரும் கணக்கு: மிக நீண்ட பக்கம் 360 கி.மீ.யை ஒட்டி; சராசரி விட்டம் 270 கி.மீ.க்குச் சற்று மேல். சிங்கப்பூரில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை கோலாலம்பூரைத் தாண்டிவிடும். நிறமோ கரிக்கட்டை. விழும் ஒளியில் 4 விழுக்காடு அளவைத்தான் திருப்பி அனுப்புகிறது.

இப்போது வகுப்பில் நான் சொன்ன பதிலைச் சோதிப்போம். விட்டம் 272 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கன அளவு சுமார் 1.05 × 10¹⁶ கன மீட்டர். பாறைக்கு நம் ஊர்க் கருங்கல்லையே எடுத்துக்கொள்வோம். டெய்ரி ஃபார்ம் பக்கம் நடக்கப் போனால் பழைய கல்குவாரியில் பார்க்கலாமே, அந்தப் புக்கிட் தீமா கருங்கல். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோகிராம். பெருக்கினால் 2.8 × 10¹⁹ கிலோகிராம். என் பதிலின்படி சில்வியாவின் நிறை இதுதான்.

உண்மையான நிறை எவ்வளவு? அதைச் சொல்லித் தந்தது சில்வியாவைச் சுற்றும் ஒரு துணைக்கோள்.

2001-இல் ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கி வழியாக மைக்கேல் பிரௌன், ழான் லுக் மார்கோ என்ற இரு வானியலாளர்கள் சில்வியாவின் அருகே ஒரு சிறு புள்ளியைக் கண்டார்கள். அது சில்வியாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுமண்டலத்தின் நடுக்கத்தால் படம் கலங்குவதை, கண்ணாடியின் வடிவை நொடிக்கு நொடி திருத்திச் சரிசெய்யும் நுட்பம் அப்போது கைவந்திருந்தது. 2004-இல் ஃபிராங்க் மார்ஷிஸும் அவருடைய குழுவினரும் சிலி நாட்டிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் பார்த்தபோது இன்னும் உள்ளே இரண்டாவது புள்ளி ஒன்றும் தெரிந்தது. இரண்டு துணைக்கோள்கள் கொண்ட சிறுகோள் என்று முதன்முதலாக அறியப்பட்டது சில்வியாதான். 2005 ஆகஸ்ட்டில் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது.

துணைக்கோள்களுக்குப் பெயர் தேட அவர்கள் சிரமப்படவில்லை. ரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸ், ரெமஸ். அவர்களுடைய தாய் ரியா சில்வியா. அந்தத் தாயின் பெயரைத்தான் 1866-இல் போக்சன் தம் சிறுகோளுக்குச் சூட்டியிருந்தார். பிள்ளைகள் இருப்பது 138 ஆண்டு கழித்துத் தெரியவரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்!

ரோமுலஸ் சுமார் 18 கி.மீ. அகலம் என்று அந்தக் குழு கணித்தது. ரெமஸ் சுமார் 7 கி.மீ., அதாவது புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து உட்லண்ட்ஸ் வரை. ஆனால் எடை போடுவதற்கு அவற்றின் அளவு தேவையே இல்லை. தேவைப்படுவது இரண்டே எண்கள்: தாய்க்கோளிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம். தாய்க்கோள் கனமாக இருந்தால் அதன் இழுப்பு பலமாக இருக்கும். அதில் போய் விழாமல் இருக்கத் துணைக்கோள் வேகமாகச் சுற்ற வேண்டும். தாய்க்கோள் லேசானது என்றால் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஆகவே சுற்றும் வேகமே தராசு முள்.

ரோமுலஸின் தூரம் 1,356 கி.மீ. காலம் 3.65 நாள். தூரத்தை மீட்டருக்கும் காலத்தை நொடிக்கும் மாற்றுங்கள். தூரத்தின் மும்மடியை 39.48-ஆல் பெருக்குங்கள். (இந்த எண் வேறொன்றும் இல்லை, 'பை'யின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு.) வந்த விடையைக் காலத்தின் வர்க்கத்தாலும், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியான 6.674 × 10⁻¹¹-ஆலும் வகுங்கள். கிடைப்பது 1.48 × 10¹⁹ கிலோகிராம்.

என் விடை 2.8. உண்மை 1.48. கிட்டத்தட்ட இரு மடங்கு பிழை! தேர்வில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். பெருக்கலில் தவறு இல்லை. "சிறுகோள் என்பது ஒரு முழுப் பாறைத் துண்டு" என்று கேள்வியே கேட்காமல் நான் எடுத்துக்கொண்டதுதான் தவறு. நிறையைத் துணைக்கோளிலிருந்து தனியாகக் கண்டுபிடித்த பிறகு அதைக் கன அளவால் வகுத்தால்தான் உண்மையான அடர்த்தி வெளிப்படும். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

வகுத்துப் பார்த்தால், கன செண்டிமீட்டருக்கு 1.4 கிராம். 2005-இல் கிடைத்த விடை இன்னும் குறைவு, 1.2, பின்னர் உருவத்தை நுட்பமாக அளந்தபோது சற்றுக் கூடியது. தண்ணீரின் அடர்த்தி 1. கல்லைவிடத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு "கல்"! அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது? காலி மைலோ டின் ஒன்றில் சரளைக் கற்களை விளிம்புவரை நிரப்புங்கள். பார்த்தால் நிறைந்துவிட்டது. இப்போது தண்ணீர் ஊற்றுங்கள். டின்னின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகும். கற்களுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம். எப்போதோ ஒரு பெரிய மோதலில் நொறுங்கிய துண்டுகள், தங்கள் ஈர்ப்பால் மறுபடி ஒன்றுகூடிய குவியல்தான் சில்வியா என்று 2005-இல் ஆய்வாளர்கள் கருதினார்கள். ரோமுலஸும் ரெமஸும் அதே நொறுங்கலில் மிஞ்சிய துண்டுகளாக இருக்கலாம். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடுவில் இறுகிய பகுதியும் வெளியே இடைவெளிகளும் பனிக்கட்டியும் கலந்த பகுதியும் இருக்கக்கூடும் என்கிறது. அந்தக் கருத்தை நெருங்குவதற்கும் உதவியது இந்தத் துணைக்கோள்களின் பாதையைத் தொடர்ந்து அளந்துவந்ததுதான்.

சிறுகோள் குவியலாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2020 அக்டோபரில் நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பெண்ணு என்ற சிறிய சிறுகோளைத் தொட்டது. அதன் இயந்திரக் கை கெட்டியான தரையில் மோதி நிற்கவில்லை; பந்துகள் நிறைந்த தொட்டிக்குள் போவதுபோல அரை மீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கிவிட்டது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சில்வியா மேல் ஒரு முறை குதித்துப் பார்க்காமல் போக வேண்டாம். நிறையும் ஆரமும் தெரிந்தால் தரையின் ஈர்ப்பும் தெரியும்: சராசரியாகப் பூமியில் இருப்பதில் ஏறத்தாழ 180-இல் ஒரு பங்கு. பள்ளித் திடலில் 40 செண்டிமீட்டர் எம்பக்கூடியவர் அங்கே 70 மீட்டர் உயரம் போவார். அது 25 மாடி புளோக்கின் உச்சி. ஏறி இறங்க ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். நடுவில் ஒரு வடை சாப்பிட்டு முடிக்கலாம். கழுத்தில் விண்வெளி உடை இல்லாமல் இருந்தால்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் என் தவறைச் சொன்னேன். அவள் உடனே விடவில்லை. "ரோமுலஸின் எண்களில் தவறு இருந்தால், சார்?" என்றாள். அதற்குத்தான் ரெமஸ் இருக்கிறது. அதன் தூரம் 706 கி.மீ., ஒரு சுற்றுக்கு 1.38 நாள். வேறு தூரம், வேறு காலம், ஆனால் சுற்றுவது அதே சில்வியாவை. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் 1.46 × 10¹⁹ வந்தது. உங்களுக்கு வேறு விடை வந்தால், முதலில் கி.மீ.யை மீட்டருக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் அங்கேதான் விழுந்தார்கள்.